இதழ்களில் சிதறிய கட்டுரைகளை ஒரே முகவரியில் சேர்த்த பணி

ஊதியப் பட்டியலில் பெயர் இல்லாமல், கட்டுரைக்கு இவ்வளவு என்று வாங்கி எழுதுகிறவரிடம் புதிய இதழாசிரியர் எவரும் முதலில் கேட்பது, இதுவரை எழுதியவற்றில் இரண்டு மூன்றை அனுப்ப முடியுமா என்பதைத்தான். சென்னையில் இருப்பவர் கத்தரிப்புகளை எடுத்துக்கொண்டு நேரில் போகலாம். ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் என்ற ஊரிலிருந்து எழுதுகிற எனக்கு அது ஆகாது. நான் எதைப் பற்றி எழுதுகிறேன், எழுதியதை எந்த இதழ் எப்போது வெளியிட்டது என்பதையெல்லாம் என் சார்பில் சொல்ல ஓர் இணைய முகவரி வேண்டும். என் எழுத்தோ பல இடங்களில் கிடந்தது: பிளாக்கர் என்ற இலவச வலைப்பதிவுத் தளத்தில் இட்ட பதிவுகள், அச்சிதழ்களின் கத்தரிப்புகள், ஒருங்குறி (யூனிகோட்) பரவுமுன் வழங்கிய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கோப்புகள், மின்னிதழ்களின் இணைப்புகள். அந்த மின்னிதழ்களுள் ஒன்று தன் தளத்தைப் புதுப்பித்தபோது பழைய முகவரிகளைக் கைவிட்டுவிட்டதால், மன்னார் வளைகுடாத் தீவுகளைப் பற்றி அங்கே வெளியான தொடர் எந்த இணைப்பைச் சொடுக்கினாலும் கிடைக்காமல் போயிற்று. எல்லாவற்றையும் என் பெயரிலான ஒரே தளத்திற்குக் கொண்டுவந்த வேலையை, எந்த வசதி உண்மையில் கைகொடுத்தது, எது அலங்காரமாகவே நின்றது என்ற கணக்கோடு இங்கே எழுதிவைக்கிறேன்.

தளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வார்ப்புருவின் (ஆயத்தப் பக்க வடிவமைப்பின்) அழகை நான் பார்க்கவில்லை. உள்ளே போகும் எழுத்தை ஒருநாள் முழுமையாக வெளியே எடுக்க முடியுமா என்பதைத்தான் பார்த்தேன். 2012இல் வந்த மீடியமும் 2017இல் வந்த சப்ஸ்டாக்கும் வாசகரைச் சேர்த்துத் தருவதில் வல்லவை. எழுதியதை மொத்தமாகப் பதிவிறக்கவும் விடுகின்றன. ஆனால் அங்கே சொந்த டொமைன், அதாவது நம் பெயரிலான இணைய முகவரி, வைக்கத் தனிக் கட்டணம் உண்டு. பக்கத்தின் அமைப்பும் நம் விருப்பத்துக்கு வளையாது. பிளாக்கர் இந்தக் குறை இல்லாதது; 2003 முதல் கூகுளின் கையில் இருக்கும் அது சொந்த டொமைனையும் இலவசமாகவே இணைத்துக்கொள்கிறது. தனக்காக மட்டும் எழுதுகிறவருக்கு இன்றும் அதையே சொல்வேன். எனக்குத் தேவைப்பட்ட இரண்டு வசதிகள் அதில் இல்லை: ஒரு பதிவின் பழைய வடிவங்களைச் சேமித்துவைத்து ஒப்பிட்டுக் காட்டுவது, எழுதலாம் ஆனால் வெளியிட முடியாது என்ற நிலையில் இன்னொருவரைச் சேர்ப்பது. அந்த இரண்டுக்காகவே வேர்ட்பிரஸுக்கு மாறினேன். வேர்ட்பிரஸ் என்ற பெயரில் இரண்டு ஏற்பாடுகள் உள்ளன என்பதைப் புதியவர்கள் கவனிக்க வேண்டும்: ஒரு நிறுவனம் நடத்தித் தரும் சேவை ஒன்று, நாமே வழங்கியை (தளத்தைத் தாங்கும் இணையக் கணினியை) வாடகைக்கு எடுத்து நிறுவிக்கொள்ளும் கட்டற்ற மென்பொருள் மற்றொன்று. நான் எடுத்துக்கொண்டது இரண்டாவதை.

டொமைனைத் தமிழ் எழுத்திலேயே வைக்க ‘.இந்தியா’ என்ற ஈறு இருக்கிறது. ஆசை இருந்தும் விட்டுவிட்டேன். அப்படிப்பட்ட முகவரியில் அமைந்த மின்னஞ்சலை ஏற்காத படிவங்களும் மென்பொருள்களும் இன்னும் உள்ளன, ஆசிரியரின் அஞ்சல் வழியில் தங்கிவிடக் கூடாது.

பிளாக்கரிலிருந்து எடுக்கும் காப்புக் கோப்பு எக்ஸ்எம்எல் வடிவில் வருகிறது. பதிவுகளின் உரை, நாள், குறிச்சொற்கள் ஆகியவை அதில் இருக்கும். படங்கள் இரா, அவற்றின் முகவரிகள் மட்டுமே இருக்கும். எனவே உரையை இறக்குமதி செய்த பின்னும் படங்கள் பழைய இடத்திலிருந்தே காட்டப்படும், பழைய கணக்கை மூடும் நாளில் அவையும் மறையும். முதலில் மடிக்கணினியில் ஒரு சோதனைத் தளம் அமைத்து, அங்கே இறக்குமதி செய்து பார்த்து, படங்களைத் தனியே பதிவிறக்கிப் பெயர் மாற்றி ஏற்றிய பிறகுதான் உண்மைத் தளத்தில் கைவைத்தேன். பழைய பதிவுகளை நான் அழிக்கவில்லை. ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் புதிய முகவரியைக் குறிக்கும் ஒரு வரி சேர்த்தேன்.

அதிக நேரத்தை எடுத்துக்கொண்டது பதிவுகளின் முகவரி அமைப்பு. பிளாக்கர் தலைப்பிலுள்ள லத்தீன் எழுத்துகளிலிருந்தே முகவரியை அமைப்பதால், தலைப்பு முழுவதும் தமிழில் இருந்தால் பொதுப்பெயரும் எண்ணுமே முகவரியாக அமையும். வேறு பெயர் வேண்டுமென்றால் அதற்குரிய பெட்டியை வெளியிடும் முன்பே நிரப்ப வேண்டும். வேர்ட்பிரஸ் தமிழ்த் தலைப்பை அப்படியே முகவரியாக்கிக்கொள்ளும், ஆனால் அதில் வேறு சிக்கல் இருக்கிறது. ஒருங்குறியில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகள்; முகவரியில் எழுதும்போது ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்துகளாக விரியும். ஆக, ஒரு குறிக்கு ஒன்பது எழுத்துகள். புள்ளியும் கொம்பும் துணைக்காலும் தனித்தனிக் குறிகள் என்பதால் ‘கட்டுமரம்’ என்ற சொல் ஒன்றே 81 எழுத்துகளாகிறது. முகவரிக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கும் இடமோ 200 எழுத்துகள். ‘மன்னார் வளைகுடா பவளப்பாறை’ என்று தலைப்பிட்டால் 209 வரும். கடைசி ஐகாரக் குறி வெட்டுப்பட்டு ‘பவளப்பாற’ என்று முகவரி நின்றுவிடும். வாட்ஸப்பில் பகிரும்போது விழுக்காட்டுக் குறிகளால் திரை நிறையும் சங்கடம் வேறு. ஆகவே எல்லாப் பதிவுகளுக்கும் ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொற்களுக்கு மிகாத முகவரியைக் கையால் இட்டேன். தலைப்பைப் பின்னால் எத்தனை முறை மாற்றினாலும் அந்த முகவரியை மாற்றுவதில்லை என்பதைக் கட்டாய விதியாக வைத்திருக்கிறேன்.

பாமினிக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்ற இலவசக் கருவிகள் பல உள்ளன, மாற்றமும் நொடியில் முடிகிறது. முடிந்ததைச் சரிபார்ப்பதுதான் வேலை. ஒகரமும் ஓகாரமும் ஒருங்குறியில் இரண்டு வகையாகச் சேமிக்கப்படலாம்: ஒரே குறியாக, அல்லது ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்புடன் துணைக்கால் எனத் துண்டாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. தேடல் பெட்டிக்கு வெவ்வேறு. ‘கொண்டல்’ காற்றைப் பற்றிய என் கட்டுரை, அந்தச் சொல்லை இட்டுத் தேடினால் வராமல் இருந்ததற்குக் காரணம் அதுதான். என்எஃப்சி எனப்படும் ஒருங்குறிச் சீராக்கத்தைப் பைத்தானில் ஒரு சிறு நிரல் எழுதி எல்லாக் கோப்புகளின் மீதும் ஓட்டியதும் இது தீர்ந்தது. ஔகாரம் அப்படித் தீராது. ஔகாரக் குறிக்குப் பதிலாக ளகர எழுத்தையே தட்டிவைக்கும் பழக்கம் தமிழ்த் தட்டச்சில் நெடுங்காலமாக உண்டு. ‘வௌவால் மீன்’ என் பழைய கோப்புகளில் பெரும்பாலும் ‘வெளவால் மீன்’ என்றே இருந்தது. ஒரே வீச்சில் மாற்று என்று கட்டளையிட்டால் ‘வெளிச்சம்’ கெடும், ‘கெளுத்தி’ கெடும். ஔகாரம் வரும் சொற்களை ஒரு பட்டியலாக்கி, அவற்றை மட்டும் முழுச் சொல்லாகத் தேடித் திருத்தினேன்.

தளத்தின் எழுத்துருவுக்கு நோட்டோ வகையின் தமிழ் எழுத்தைப் போட்டு, வரி உயரத்தை எழுத்தளவின் ஒன்றே முக்கால் மடங்காக வைத்தேன். ஆங்கிலத்துக்கு அமைந்த வார்ப்புருவின் வரி உயரத்தில் மேல்வரியின் உகரச் சுழியும் கீழ்வரியின் இகரக் கொக்கியும் ஒன்றையொன்று உரசும். ‘வாசிக்க ஐந்து நிமிடம்’ என்று காட்டும் வசதியை நீக்கிவிட்டேன். ஆங்கிலம் வாசிப்பவர் நிமிடத்துக்கு எத்தனை சொல் படிப்பார் என்பதை வைத்துக் கணக்கிடும் அது, விகுதியும் வேற்றுமையும் ஒட்டி நீளும் தமிழ்ச் சொற்களுக்குப் பொருந்துவதில்லை.

இதழில் வந்ததைத் தன் தளத்தில் மீண்டும் இடலாமா என்ற ஐயம் பலருக்கும் உண்டு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, படைப்பின் முதல் உரிமையாளர் அதை எழுதியவரே என்கிறது. பத்திரிகையில் ஊழியராக இருந்து எழுதுவது அங்குள்ள விதிவிலக்குகளுள் ஒன்று. தனித்து எழுதுகிறவர் ஊழியர் அல்லர். உரிமையை எழுதிக் கொடுப்பது என்றால் 19ஆம் பிரிவின்படி அது எழுத்தில், கையொப்பத்துடன் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் கொள்ளப்படும். சிற்றிதழ்களோடு நமக்குள்ள உறவு பெரும்பாலும் தொலைபேசிப் பேச்சோடு முடிவதால் சட்டப்படி தடை குறைவு. ஆனாலும் அடுத்த கட்டுரையையும் அதே ஆசிரியரிடம்தானே கொடுக்கப் போகிறோம். இதழ் கடைகளை விட்டுப் போகும்வரை காத்திருப்பது என் வழக்கம். ஒப்பந்தம் கையெழுத்தானவற்றில் முதல் பத்தியை மட்டும் இட்டு இதழின் இணைப்பைக் கொடுத்தேன். மின்னிதழிலும் என் தளத்திலும் ஒரே உரை முழுமையாக இருக்குமிடத்தில், மூலப் பக்கம் எது என்பதைத் தேடுபொறிக்குச் சொல்லும் கெனானிக்கல் குறியை மின்னிதழ்ப் பக்கத்தை நோக்கி இட்டேன். கூகுளும் யாகூவும் மைக்ரோசாஃப்டும் 2009இல் சேர்ந்து ஏற்றுக்கொண்ட அந்தக் குறியை வேர்ட்பிரஸ் தன் பக்கத்துக்கே தானாக இட்டுக்கொள்ளும். வேறு தளத்தை நோக்கித் திருப்ப, தேடுபொறிக்கேற்பப் பக்கத்தைச் சீராக்கும் எஸ்இஓ நீட்சி (கூடுதல் நிரல்) ஒன்று வேண்டும். அந்த நீட்சிகள் காட்டும் பச்சை, சிவப்பு விளக்குகளைப் பொருட்படுத்தத் தேவையில்லை. ஆங்கில உரைநடைக்கு வகுத்த அளவுகோலைத் தமிழ் வாக்கியத்தின் மீது வைத்து அவை நம்மை மிரட்டுகின்றன.

ஒவ்வொரு கட்டுரையின் மேலும் இதழின் பெயர், வெளியான மாதம், தளத்தில் இட்ட நாள் ஆகியவற்றைக் காட்டும் ஒரு சிறு கட்டம் வேண்டியிருந்தது. ஒருமுறை அமைத்து எங்கும் பயன்படுத்தும் ‘பேட்டர்ன்’ வசதி இதற்கு மிகப் பொருத்தம். பதிவின் நாளைப் பின்தேதியிட்டு, இதழில் வெளியான நாளையே வைத்தேன். இல்லாவிட்டால் பல ஆண்டு உழைப்பு முழுவதும் ஒரே மாதத்தில் எழுதியதாகத் தோன்றும். திருத்தத்திற்கும் நாள் வேண்டும். பாம்பன் ரயில் பாலத்தைப் பற்றிய என் பழைய கட்டுரையில், 1914இல் திறந்த பாலத்தின் மீது நாள்தோறும் ரயில் போவதாக நிகழ்காலத்தில் எழுதியிருக்கிறேன். 2022 டிசம்பரில் அதில் போக்குவரத்து நின்றது. 2025 ஏப்ரல் 6இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. பழைய வாக்கியங்களை மாற்றி எழுதாமல், இந்தச் செய்தியை நாளுடன் கட்டுரையின் தலைமாட்டில் சேர்த்தேன். இதழ் அச்சிட்டது ஒன்று, தளத்தில் இருப்பது வேறொன்று என்ற ஐயம் ஆசிரியருக்கு எழக் கூடாது.

பகுப்புகளைப் பொருளுக்கும் குறிச்சொற்களை ஊருக்கும் ஒதுக்கினேன். மீன்வளம், கடற்பாசி, பவளப்பாறை, பனைத்தொழில், போக்குவரத்து என்பவை பகுப்புகள். தனுஷ்கோடி, கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி, மூக்கையூர் முதலியவை குறிச்சொற்கள். ஊர்ப்பெயரைப் பலவாறு எழுதுவதால் ஒரே ஊருக்கு மூன்று குறிச்சொற்கள் முளைத்துவிடுகின்றன: இராமேசுவரம், ராமேஸ்வரம், ராமேசுவரம். ஒன்றை நிலைப்படுத்தி, மற்ற வடிவங்களை அந்தக் குறிச்சொல்லின் விளக்கத்தில் எழுதி, விளக்கம் பக்கத்தின் மேல் தெரியும்படி செய்தேன். வேறு எழுத்தில் தேடுகிறவரும் அங்கே வந்து சேர்வதற்கு அதுவே வழி.

கடற்கரைப் படங்களை ஏற்றும்போது அளவைவிட இடக்குறிப்பே எனக்குப் பெரிய கவலை. கைபேசிப் படத்துக்குள் எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் பதிந்திருக்கலாம். வேர்ட்பிரஸ் 2560 புள்ளிகளுக்கு மேற்பட்ட படத்தைச் சுருக்கிக் காட்டினாலும், ஏற்றிய மூலக் கோப்பை வழங்கியில் அப்படியே வைத்திருக்கும்; இடக்குறிப்பும் அதனுடன் இருக்கும். சட்டத்தின் பாதுகாப்பில் உள்ள கடல் அட்டையோ பவளமோ தென்பட்ட இடத்தையும், பேட்டி கொடுத்த பெண்ணின் வீட்டு வாசலையும் நான் ஏன் உலகுக்கு அறிவிக்க வேண்டும்? எனவே ஏற்றும் முன்பே கணினியில் எல்லாப் படங்களையும் 1600 புள்ளி அகலத்துக்குச் சுருக்கி, இடக்குறிப்பை நீக்கினேன். கோப்பு இலேசானதால், சிக்னல் மங்கும் இடத்திலும் பக்கம் திறக்கிறது.

பாம்பனிலிருந்து கடற்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி எழுதத் தொடங்கியிருக்கும் ஒரு பெண்ணைத் தளத்தில் பங்களிப்பாளராகச் சேர்த்தேன். இந்த நிலையில் உள்ளவர் எழுதலாம், பரிசீலனைக்கு அனுப்பலாம். வெளியிடவும் படம் ஏற்றவும் இயலாது. படங்களை அவர் வாட்ஸப்பில் ஆவணமாக அனுப்புகிறார், புகைப்படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். முதல் வரைவைத் திருத்தத் தொடங்கியபோது அவர் கேட்டார்: “அண்ணே, நீங்க திருத்துனா நான் எழுதுன வரி போயிருமா?”

“போகாதும்மா. ரெண்டும் இருக்கும், வேணுங்கிறதத் திரும்ப எடுத்துக்கலாம்.”

திருத்த வரலாற்றைத் திறந்து, அழிந்த வரி ஒரு நிறத்திலும் சேர்ந்த வரி மற்றொரு நிறத்திலும் அருகருகே நிற்பதைக் காட்டியபின் அவருக்கு நம்பிக்கை வந்தது. சில இடங்களில் அவருடைய பழைய வரியே மேல் என்று அவர் வாதிட்டு மீட்டும் கொண்டார். எழுதப் பழகுகிறவருக்கு இதற்கு இணையான வசதியை நான் வேறெங்கும் காணவில்லை.

மின்தடையும் இணையத் தடையும் மாறி மாறி வரும் இக்கரையில், நீண்ட உரையை நேரே தளத்தின் எழுதுபெட்டியில் எழுதுவதை நான் விரும்புவதில்லை. தளம் தானாகச் சேமிக்கும், உலாவியிலும் ஒரு பிரதி வைக்கும் என்றாலும், மடிக்கணினியில் வெற்று உரைக் கோப்பில் எழுதி, இணையம் நிலையாக உள்ள விடியற்காலையில் ஒட்டுவதே பாதுகாப்பு. எழுதிவைத்ததைக் குறித்த நேரத்தில் வெளியிடும் வசதி எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவி. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடை ஏப்ரல் 15இல் தொடங்கி ஜூன் 14 வரை நீடிக்கிறது; அதைப் பற்றிய கட்டுரை ஏப்ரல் 14 காலையில் வந்தால்தான் எவரும் படிப்பார்கள். இதற்கு முன்னதாக இரண்டு அமைப்புகளைச் சரிசெய்ய வேண்டும். தளத்தின் நேர மண்டலத்தைக் கொல்கத்தாவுக்கு மாற்றாவிட்டால் கட்டுரை ஐந்தரை மணி நேரம் தள்ளி வரும். மற்றது அவ்வளவு வெளிப்படையானது அன்று: வேர்ட்பிரஸின் உள்கடிகாரம் யாரேனும் தளத்துக்கு வந்தால்தான் ஓடும். வாசகர் கூட்டம் உள்ள தளத்தில் இது தெரியாது. விடியற்காலையில் ஒருவரும் எட்டிப்பார்க்காத என் தளத்தில் காலை ஐந்து மணிப் பதிவு முதல் வாசகர் வரும்வரை காத்துக்கிடக்கும். வழங்கியின் கட்டுப்பாட்டுப் பலகத்தில் குறித்த நேரங்களில் கட்டளையை ஓட்டும் கிரான் என்ற பகுதிக்குப் போய், கால் மணிக்கொரு முறை அந்தக் கடிகாரத்தைத் தட்டும்படி கட்டளை எழுதினேன்.

வெளிவராத கட்டுரையை ஆசிரியருக்குக் காட்டக் கடவுச்சொல் இட்ட பதிவைப் பயன்படுத்துகிறேன். உரை மறைந்திருந்தாலும் தலைப்பு முகப்பில் தெரியும் என்பதால், செய்தியைத் தலைப்பிலேயே போட்டு உடைக்காமல் ‘வரைவு ஒன்று’ என்று வைத்தால் போதும். விளம்பரம் எதையும் வைக்கவில்லை. இத்தளத்தின் வருவாய் அதன் வழியாக வரும் கட்டுரை வாய்ப்புகளே. தொடர்புக்குக் கைபேசி எண்ணை எழுதாமல் படிவம் மட்டும் வைத்தேன், அதில் இதழின் பெயர், சொல்லளவு, கெடு, ஊதியம் என்னும் நான்கு பெட்டிகள் உள்ளன. ஊதியம் என்ற பெட்டி இருப்பதாலேயே அதைப் பற்றிய பேச்சு முதல் அஞ்சலில் தொடங்கிவிடுகிறது.

மாதந்தோறும் தரவுத்தளத்தையும் படக் கோப்புறையையும் தரவிறக்கி வழங்கிக்கு வெளியே இரண்டு இடங்களில் வைக்கிறேன். மென்பொருளை எந்த நேரமும் மறுபடி நிறுவிக்கொள்ளலாம், இவ்விரண்டும் போனால் திரும்பாது. புதிய கட்டுரை வெளியானதும் அதன் முகவரியை இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் சேமித்துவிடுகிறேன். இதழின் தளத்தில் வந்த வடிவத்தையும் அப்படியே. டொமைன் பதிவு என் பெயரில், என் மின்னஞ்சலில் இருக்கிறது. தளம் அமைத்துத் தருகிறவர் தம் பெயரில் வாங்கிவிட்டு, பின்னர் தொடர்பே இல்லாமல் போன கதைகள் ராமநாதபுரம் கடைத்தெருவில் நிறைய உண்டு.

அச்சுக் கத்தரிப்புகள்தான் மிச்சம். நல்ல தாளில் வந்தவற்றை ஒளிவருடி, தமிழ் எழுத்துணரி மென்பொருளில் இட்டால் திருத்தக்கூடிய உரை கிடைக்கிறது. செய்தித்தாளில் பத்தி பத்தியாக வந்தவற்றில் அடுத்தடுத்த பத்திகளின் வரிகள் கலந்துவிடுகின்றன. அவற்றைப் பத்தி வாரியாக வெட்டித் தனிப் படங்களாக்கி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். உப்புக்காற்றில் பழுப்பேறி மடிப்பில் கிழிந்தவற்றுக்கு எழுத்துணரி உதவாது. அவற்றைக் கையால் தட்டச்சு செய்ய வேண்டும், முதலில் கீழக்கரைக் கட்டுரைகள், பிறகு தொண்டி.